சிஆர்பி 48-னா பயப்படணுமா? கொரோனால ரத்த ரிப்போர்ட்ட எப்படிப் பாக்கணும்

2020-க்கு முன்னாடி சிஆர்பி, டி-டைமர், ஃபெரிட்டின் இந்த ரத்த டெஸ்ட் பேரெல்லாம் டாக்டருக்கும் எங்கள மாதிரி லேப்ல வேலை பாக்குறவங்களுக்கும் மட்டும்தான் தெரியும். 2021 மே மாசம் ரெண்டாவது அலை வந்ததும் குலசேகரத்துல ரப்பர் பால் வெட்டுற அண்ணனுக்கும் தெரியும், குளச்சல் துறைமுகத்துல மீன் ஏலம் போடுறவருக்கும் தெரியும்னு ஆயிடுச்சு. பயம் அப்படி இருந்துச்சு, நம்ம கன்னியாகுமரி தொகுதி எம்.பி.யா இருந்த ஹெச். வசந்தகுமார் 2020 ஆகஸ்ட் 28-ம் தேதி கொரோனாவுலதான் இறந்தாரு, அவ்வளவு வசதி உள்ளவருக்கே இந்த நிலைமையா அப்படின்னு ஊரே கலங்கிப் போயிருந்த மாவட்டம் இது. அந்த பயம் இன்னும் முழுசா போகல. இன்னைக்கும் காய்ச்சல்னு வந்தா டாக்டர பாக்குறதுக்கு முன்னாடியே ரத்தம் குடுத்துட்டு, ரிப்போர்ட்ல தடிச்ச எழுத்துல ஒரு நம்பர் இருந்தா அத ஃபோட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிட்டு ராத்திரி தூங்காம இருக்கற ஆளுங்கள நான் பாத்துட்டேதான் இருக்கேன்.

மார்த்தாண்டம் பக்கம் இருக்கற உறவுக்கார மாமா ஒருத்தர் அப்ப ஃபோன் பண்ணி கேட்டது இதுதான்: "மக்களே, எனக்க சிஆர்பி நேத்து 4.8, இன்னைக்கு 48. ஒரே நாள்ல பத்து மடங்கு ஏறிட்டு. நான் தேறுவேனா?" நான் திருப்பிக் கேட்டது ரெண்டே விஷயம். "மாமா, சாச்சுரேஷன் எவ்வளவு? ரெண்டு ரிப்போர்ட்டும் ஒரே லேபா?" சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்சிஜன் சதவீதம், 97. லேப் வேற வேற. ஒரு லேப்ல மில்லிகிராம் கணக்கு ஒரு டெசிலிட்டருக்கு போட்டிருந்தாங்க, இன்னொண்ணுல ஒரு லிட்டருக்கு. டெசிலிட்டருக்கு 4.8-ன்னாலும் லிட்டருக்கு 48-ன்னாலும் ஒண்ணுதான். ஏறவே இல்ல! இந்த ஒரு யூனிட் குழப்பத்துல எத்தனை குடும்பம் அழுதிருக்கும்னு நெனச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு. அதனால மொதல்ல இத சொல்லிடறேன், ரிப்போர்ட்ல நம்பர பாக்குறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கற யூனிட்டையும், அந்த லேப் போட்டிருக்கற நார்மல் அளவையும் பாருங்க. லிட்டர் கணக்குல பெரும்பாலும் 5-க்கோ 6-க்கோ 10-க்கோ கீழன்னு போட்டிருப்பாங்க, லேபுக்கு லேப் மாறும்.

சரி, இந்த சிஆர்பி எங்கருந்து வருது? நுரையீரல்ல வைரஸ் பூந்து செல்கள நாசம் பண்ணும்போது அங்க காவலுக்கு இருக்கற வெள்ளணு வகையறாக்கள், முக்கியமா மேக்ரோஃபேஜ், ஐஎல்-6-ன்னு ஒரு ரசாயன சிக்னல விடுது, அது ரத்தத்துல கலந்து ஈரலுக்குப் போகுது, ஈரல் உடனே ஒரு புரதத்த தயாரிச்சு ரத்தத்துல கொட்டுது, அதுதான் சிஆர்பி. தூண்டுதல் வந்து 6-லருந்து 8 மணி நேரத்துலயே ஏற ஆரம்பிக்கும், ரெண்டு நாள் வாக்குல உச்சத்துக்குப் போகும். 1930-ல அமெரிக்காவுல ராக்ஃபெல்லர் ஆஸ்பத்திரில டில்லெட்டும் ஃபிரான்சிஸும் இத கண்டுபிடிச்சதே நிமோனியா நோயாளிகளோட ரத்தத்துலதான், அதாவது நுரையீரல் கெட்டுப்போனா இது ஏறும்ங்கறது கொரோனா வந்து தெரிஞ்ச விஷயம் இல்ல. இன்னொண்ணு, இது வில்லன் கிடையாது. செத்த செல் மேலயும் கிருமி மேலயும் போய் ஒட்டிக்கிட்டு, இத அப்புறப்படுத்துங்கன்னு மத்த படைக்கு காட்டிக் குடுக்கற வேலைதான் அதுக்கு. சிஆர்பி ஏறியிருக்குன்னா உடம்பு சண்டை போடுதுன்னு அர்த்தம். எதுகூட சண்டை, எந்த இடத்துல சண்டை, யாரு ஜெயிக்கறாங்க, இந்த மூணையும் அது சொல்லாது.

இங்கதான் கொரோனாவோட குணம் தெரிஞ்சிருக்கணும். மொத வாரம் வைரஸ் பெருகற வாரம். காய்ச்சல், தொண்டை வலி, உடம்பு வலி எல்லாம் இருக்கும், சிஆர்பி கொஞ்சம் ஏறியும் இருக்கும், பெரும்பாலான பேருக்கு அதோட அடங்கிடும். கொஞ்சம் பேருக்கு மட்டும், அறிகுறி ஆரம்பிச்ச அஞ்சாம் நாள்லருந்து பத்தாம் நாளுக்குள்ள, வைரஸ் குறையற நேரத்துல உடம்போட எதிர்ப்பு அடங்காம போயிடுது. அதனால வர்ற வீக்கம்தான் (அழற்சி) நுரையீரல்ல நீர் கோக்க வைக்குது, சின்ன ரத்தக்குழாய்ல கட்டி கட்ட வைக்குது, ஆக்சிஜன இறக்குது. அதனால மூணாம் நாள் எடுத்த சிஆர்பி 30-ம் ஒம்பதாம் நாள் எடுத்த சிஆர்பி 30-ம் ஒரே சங்கதி இல்ல, ஒம்பதாம் நாள் 30, அதுக்கு முன்னாடி 110 இருந்து இறங்கி வந்த 30-ன்னா நல்ல செய்தி, மூணாம் நாள் 30, அஞ்சாம் நாள் 70, ஏழாம் நாள் 130-ன்னு போனா அந்த ஆளு வீட்ல இருக்கக் கூடாது. குழித்துறை ஆத்தங்கரைல குடியிருக்கறவங்ககிட்ட பேச்சிப்பாறை அணை 42 அடின்னு மட்டும் சொன்னா போதுமா? ஏறுதா இறங்குதா, மேல மலைல மழை நிக்குதா, ஷட்டர் தொறந்தாச்சான்னு கேக்கத்தானே செய்வாங்க. சிஆர்பியும் அந்த மாதிரி கேள்வி கேட்டுத்தான் படிக்க வேண்டிய நம்பர்.

அது நல்லா இறங்கும்போது வேகமாவே இறங்கும். ரத்தத்துல அதோட அரை ஆயுள் ஏறக்குறைய 19 மணி நேரம், தூண்டுதல் நின்னுட்டா ஒவ்வொரு நாளும் பாதிக்குப் பாதி குறைஞ்சுட்டு வரும். டாக்டருங்க ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா திரும்ப எடுக்கச் சொன்னது இதுக்குத்தான். தினமும் காலைலயும் சாயங்காலமும் எடுக்கறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, கைதான் நீலமாகும். ஈஎஸ்ஆர்னு ஒரு பழைய டெஸ்ட் இருக்கு, நம்ம ஊர்ல இன்னும் நிறைய பேரு அதையும் கேட்டு எடுப்பாங்க. அது மெதுவா ஏறி வாரக்கணக்குல இறங்காம நிக்கும், ரத்தசோகை இருந்தாலும் ஏறும், வயசானாலும் ஏறும். கொரோனா எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்க அது உதவாது.

அடுத்து டி-டைமர். ரத்தம் உறைஞ்சு கட்டியாகி, அந்தக் கட்டி கரையும்போது விழற துண்டுதான் டி-டைமர். கொரோனால நுரையீரல் குழாய்கள்ல கட்டி சேர்றதால இது ஏறும். வூஹான்ல ரெண்டு ஆஸ்பத்திரில இருந்த 191 நோயாளிகள வச்சு 2020 மார்ச்ல லான்செட்ல வந்த ஆய்வு, அட்மிஷன் போடும்போதே டி-டைமர் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல இருந்தவங்க, வயசு கூடினவங்க, இவங்களுக்கு சாவு ஆபத்து அதிகமா இருந்துச்சுன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் உலகம் பூரா இத எடுக்க ஆரம்பிச்சாங்க. ஆனா கவனிங்க, அது ஆஸ்பத்திரில படுத்திருந்தவங்க கணக்கு. வீட்ல நல்லா நடந்துட்டு, சோறு தின்னுட்டு இருக்கறவங்கள வச்சு எடுத்த கணக்கு இல்ல. கர்ப்பிணிக்கு டி-டைமர் இயல்பாவே ஏறும், ஆபரேஷன் ஆனவங்களுக்கு ஏறும், அம்பது வயசு தாண்டினவங்களுக்கு வயசோட ஏறிட்டே போகும். யூனிட் தொல்லை இதுல இன்னும் மோசம், நானோகிராமா மைக்ரோகிராமாங்கறது ஒண்ணு, அதுக்கு மேல எஃப்ஈயூ, டிடியூன்னு ரெண்டு விதமா அளக்கறாங்க, அதே ரத்தம் எஃப்ஈயூல 500 வந்தா டிடியூல சுமார் 250-தான் வரும். ஒரு லேப்ல எடுத்தா திரும்பவும் அதே லேப்ல எடுங்கன்னு நாங்க தொண்டை கிழிய சொல்றதுக்கு காரணம் இதுதான், வியாபாரத்துக்காக இல்ல.

ரத்தம் எடுக்கும்போது கவனிச்சிருப்பீங்க, ஒரே ஊசில மூணு கலர் மூடி போட்ட ட்யூப்ல எடுப்போம். மஞ்சள் மூடியோ சிவப்பு மூடியோ சிஆர்பி, ஃபெரிட்டின், எல்டிஹெச்ங்கற இன்னொரு டெஸ்ட், இதுங்களுக்கு. ஊதா மூடி சிபிசிக்கு, அதாவது ரத்த அணுக்கள எண்ணற டெஸ்டுக்கு. வெளிர்நீல மூடி டி-டைமருக்கு, அதுக்குள்ள ரத்தம் உறையாம இருக்க சிட்ரேட் திரவம் ஒரு பங்கு இருக்கும், ரத்தம் சரியா ஒம்பது பங்கு, ட்யூப்ல போட்டிருக்கற கோடு வரைக்கும் நெறையணும். நரம்பு கெடைக்கலன்னு பாதி நெறைச்சு விட்டா அளவு கெட்டுப் போச்சு, அத தூக்கிப் போட்டுட்டு திரும்பவும் குத்தறதுதான் நேர்மை. பிபிஇ கிட்டுக்குள்ள கண்ணாடி வேர்த்து மறைக்க, ரெண்டு அடுக்கு கையுறை போட்டுட்டு, தண்ணி குடிக்காம வத்திப் போயிருக்கற ஒரு பாட்டியோட கைல நரம்பு தேடி அந்தக் கோடு வரைக்கும் நெறைச்ச நர்ஸுங்களையும் லேப் பிள்ளைங்களையும் யாரும் மறந்துடக் கூடாது. நீங்க பாக்குற நம்பர் அவங்க கைலருந்துதான் தொடங்குது.

ஃபெரிட்டின் இரும்புச் சத்த சேத்து வைக்கிற புரதம். உடம்புல வீக்கம் வந்தா இதுவும் ஏறும், கொரோனால மோசமானவங்களுக்கு 500, 1000 தாண்டிப் போனத பாத்திருக்கோம். ஆனா டெங்குலயும் இது தாறுமாறா ஏறும், ஈரல் கெட்டிருந்தாலும் ஏறும். மழைக்காலத்துல டெங்குவும் எலிக்காய்ச்சலும் கொரோனாவும் ஒண்ணா வரக்கூடிய நம்ம மாவட்டத்துல ஃபெரிட்டின் ஏறியிருக்குன்னு மட்டும் பாத்துட்டு இது கொரோனான்னோ, இல்ல கொரோனா முத்திடுச்சுன்னோ சொல்லவே முடியாது. எல்டிஹெச் செல்கள் உடையும்போது வெளிய வர்ற என்சைம், அதுவும் இதே கதைதான்.

என்னைக் கேட்டா இத்தனை டெஸ்ட்லயும் ரொம்ப மதிக்க வேண்டியது, ஆனா யாருமே மதிக்காதது, சாதாரண சிபிசிதான். அதுல நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட்னு ரெண்டு வகை வெள்ளணு எத்தனை எத்தனை சதவீதம்னு இருக்கும். முன்னத பின்னதால வகுத்துப் பாருங்க. நல்லா இருக்கறவங்களுக்கு சுமாரா 1-லருந்து 3-க்குள்ள வரும். கொரோனா மோசமாகும்போது லிம்ஃபோசைட் விழும், நியூட்ரோஃபில் ஏறும், 84-ம் 12-ம் வந்தா விகிதம் 7. தனியா பணம் எதுவும் வேண்டாம், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் எடுக்கற டெஸ்ட்லயே இந்தக் கணக்கு கெடச்சிடுது. ஒரே ஒரு எச்சரிக்கை, ஸ்டீராய்டு ஆரம்பிச்ச பிறகு நியூட்ரோஃபில் தானாவே ஏறும், அப்ப இந்த விகிதத்த பாத்து பதறக் கூடாது.

ஐஎல்-6 இருக்கே, அதுக்குத்தான் ஜனங்க நிறைய காசு செலவு பண்ணாங்க. சின்ன லேப்ல பாக்க மாட்டாங்க, பெரிய லேபுக்கு அனுப்பணும், ரத்தத்துல ஏறி இறங்கறதும் படு வேகம், காலைல எடுத்தது சாயங்காலம் செல்லாது. ஐஎல்-6 மாதிரி சிக்னல் அளவு கடந்து பெருகற சைட்டோகைன் புயல்னு டிவில ஓயாம சொன்னாங்க, ஆனா கொரோனால ஐஎல்-6 அளவு, புற்றுநோய்க்கு குடுக்கற சில செல் சிகிச்சைல வர்ற புயலோட ஒப்பிட்டா ரொம்பவே கம்மின்னு பின்னாடி வந்த ஆய்வுகள் காட்டிச்சு. ஐஎல்-6 தூண்டித்தானே ஈரல் சிஆர்பிய செய்யுது, அப்ப சிஆர்பிய பாத்தாலே ஓரளவுக்கு அந்தக் கதை தெரிஞ்சிடும்.

இந்த டெஸ்டுங்களுக்கு மதிப்பே இல்லன்னு நான் சொல்ல வரல. இங்கிலாந்துல ஆஸ்பத்திரில சேந்தவங்கள வச்சு, சாவு ஆபத்த கணிக்க 4சி ஸ்கோர்னு ஒண்ணு போட்டாங்க, மொத்தம் 21 மார்க், எட்டே விஷயம்: வயசு, ஆணா பொண்ணா, வேற எத்தனை நோய், மூச்சு வேகம், சாச்சுரேஷன், நெனவு தெளிவு, ரத்தத்துல யூரியா, சிஆர்பி. வீக்கத்த காட்டற ரத்த மார்க்கர்ல இதுக்குள்ள இடம் கெடச்சது சிஆர்பி ஒண்ணுக்குத்தான், ஆனா அதுக்கு எத்தனை மார்க்னு பாருங்க. லிட்டருக்கு 50-லருந்து 99 வரைக்கும் 1, 100-ம் அதுக்கு மேலயும் 2. எம்பது வயசு தாண்டினா அதுக்கு மட்டும் 7. சாச்சுரேஷன் 92-க்குக் கீழ போனா 2, ஒரு நிமிஷத்துக்கு 30 மூச்சோ அதுக்கு மேலயோ விட்டா 2. ஆகமொத்தம் சிஆர்பி 120 இருக்கற முப்பது வயசுப் பையனையும் சிஆர்பி 40 இருக்கற எம்பத்திரெண்டு வயசு சுகர்காரத் தாத்தாவையும் வச்சுப் பாத்தா, யாரப் பத்தி அதிகம் கவலைப்படணும்னு அந்த ஸ்கோரே சொல்லிடுது. நம்ம நாட்டு வழிகாட்டுதலும் 2021-ல அதத்தான் சொல்லிச்சு, சாச்சுரேஷன் 94-ம் அதுக்கு மேலயும் இருந்து மூச்சுத்திணறல் இல்லன்னா லேசானது, 90-லருந்து 93 நடுத்தரம், 90-க்குக் கீழ தீவிரம். நோய் எந்தப் படில இருக்குன்னு முடிவு பண்றது ஆக்சிஜனும் மூச்சும். ரத்த மார்க்கர் அதுக்குப் பின்னாடி நிக்கிற சாட்சி.

எனக்கு ரொம்ப வலிக்கற விஷயம் ஸ்டீராய்டு. 2020 ஜூன்ல இங்கிலாந்தோட ரெக்கவரி ஆய்வு முடிவு வந்துச்சு, டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், தினம் ஒரு தடவ, அதிகபட்சம் பத்து நாள். வென்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல சாவு 41 சதவீதத்துலருந்து 29-ஆ குறைஞ்சது, ஆக்சிஜன் வச்சிருந்தவங்கள்ல 26-லருந்து 23. விலை மலிவான ஒரு பழைய மருந்து அத்தனை உயிர காப்பாத்திச்சு. ஆனா அதே ஆய்வுல, ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்கு பலன் எதுவும் இல்ல, மருந்து குடுத்தவங்கள்ல 17.8 சதவீதம் இறந்தாங்க, குடுக்காதவங்கள்ல 14, கெடுதலா இருக்கலாம்ங்கற பக்கம்தான் சாய்ஞ்சுது. இந்தப் பின்பாதிய யாரும் படிக்கல. சிஆர்பி 30 இருக்கு, 40 இருக்குன்னு மூணாம் நாளே ஸ்டீராய்டு மாத்திரை, வைரஸ் பெருகிட்டு இருக்கற நேரத்துல உடம்போட கைய கட்டிப்போடற வேலை அது. பத்தாததுக்கு சுகர். நம்ம ஜனங்கள்ல சுகர் இல்லாத வீடு எங்க இருக்கு? ஸ்டீராய்டு சுகர ஏத்தும், சுகர் ஏறினவங்களுக்குத்தான் பெரும்பாலும் 2021-ல கருப்புப் பூஞ்சை வந்து கண்ணையும் தாடையையும் எடுக்க வேண்டி வந்துச்சு. எய்ம்ஸ் இயக்குநரா இருந்த ரன்தீப் குலேரியா 2021 மே மாச ஆரம்பத்துல இதத்தான் சொன்னாரு, சாச்சுரேஷன் நல்லா இருந்து லேசான அறிகுறின்னா இந்த மார்க்கர் டெஸ்டும் வேண்டாம் சிடி ஸ்கேனும் வேண்டாம், வீணா பயம்தான் வரும்னு. அப்ப அவர திட்டினவங்க நிறைய. அவர் சொன்னதுதான் சரின்னு நான் அன்னைக்கும் நெனச்சேன், இன்னைக்கும் நெனைக்கறேன்.

டோசிலிசுமாப் ஊசி கதையும் அப்படித்தான். ஐஎல்-6 போய் ஒட்டற இடத்த அடைக்கற மருந்து அது. ரெக்கவரி ஆய்வுல இத குடுத்தது எல்லாருக்கும் இல்ல, ஆக்சிஜன் குறைஞ்சிருக்கணும், கூடவே சிஆர்பி 75-ம் அதுக்கு மேலயும் இருக்கணும், ரெண்டும் சேந்தாத்தான். அப்படிப்பட்ட 4116 பேர்ல சாவு 35 சதவீதத்துலருந்து 31-ஆச்சு. சிஆர்பிக்கு நிஜமாவே வேலை இருக்கற இடம் இதுதான், ஏற்கனவே மூச்சுக்குக் கஷ்டப்படறவங்கள்ல வீக்கம் யாருக்கு அதிகம்னு பிரிச்சுக் காட்டறது. இன்னொரு நுணுக்கம், இந்த ஊசி போட்ட பிறகு ஈரலுக்கு சிக்னலே போகாது, அதனால சிஆர்பி சரசரன்னு விழுந்துடும், ஆளு தேறாமலே இருந்தாலும் விழும், புதுசா பாக்டீரியா தொத்திக்கிட்டாலும் ஏறாம ஏமாத்தும். சிஆர்பி நார்மல் ஆயிட்டுன்னு சொந்தக்காரங்க சந்தோஷப்பட, ஐசியூ டாக்டர் மட்டும் முகம் கொடுக்காம போனதுக்கு பல நேரம் காரணம் இது.

ஏமாத்தற இடம் வேறயும் இருக்கு. ஈரல் சுருங்கிப் போனவங்களுக்கு சிஆர்பி செய்யற தெம்பே இருக்காது, நம்பர் கம்மியா காட்டும். உடல் பருமன், மூட்டுவாதம் இருக்கறவங்களுக்கு எப்பவுமே கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கும். சிஆர்பி 150, 200-ன்னு போச்சுன்னா அது வைரஸ் மட்டும்தானா, பாக்டீரியாவும் சேந்திருக்கான்னு யோசிக்கணும், அதுக்கு புரோகால்சிடோனின்னு ஒரு டெஸ்ட் பாப்பாங்க, கொரோனா மட்டும்னா அது பெரும்பாலும் கம்மியாவே இருக்கும். பிள்ளைங்க விஷயத்துல தனி கவனம் வேணும், கொரோனா வந்து போயி ரெண்டுலருந்து ஆறு வாரம் கழிச்சு திடீர்னு விடாத காய்ச்சல், வயித்துவலி, தோல்ல தடிப்பு, கண் சிவப்புன்னு வந்தா சிஆர்பி, ஃபெரிட்டின், டி-டைமர் எல்லாமே எகிறியிருக்கும், இதயத்தையும் தாக்கும், அது அபூர்வம்தான் ஆனா ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம்.

2023 மே 5-ம் தேதி உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிஞ்சுதுன்னு அறிவிச்சிடுச்சு. தடுப்பூசியும், முன்னாடி வந்துபோன தொற்றும் சேந்து இப்ப பெரும்பாலானவங்களுக்கு நுரையீரல் வரைக்கும் இறங்கறது இல்ல. அதனால இன்னைக்கு காய்ச்சலோட வர்ற ஒருத்தருக்கு சிஆர்பி 90 இருந்தா கொரோனாவ விட, வயல்லயோ ரப்பர் தோட்டத்துலயோ ஈரத்துல நின்னு வந்த எலிக்காய்ச்சலா, மூத்திரத் தொற்றா, பாக்டீரியா நிமோனியாவான்னு பாக்கறதுதான் புத்தி. ஆனா எழுவது வயசு தாண்டினவங்க, டயாலிசிஸ் பண்றவங்க, புற்றுநோய்க்கு மருந்து எடுக்கறவங்க, இவங்களுக்கு கொரோனா இப்பவும் கொரோனாதான்.

வீட்ல யாருக்காவது வந்து, ரிப்போர்ட்டும் கைல இருந்தா, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ வேற எங்கயோ கெளம்பும்போது கடைசியா எடுத்த ஒத்தத் தாள மட்டும் கொண்டுபோகாதீங்க. எல்லாத்தையும் தேதி வரிசைல அடுக்குங்க, காய்ச்சல் ஆரம்பிச்ச தேதிய மொதத் தாள்ல பேனாவால எழுதுங்க, உக்காந்திருக்கும்போது சாச்சுரேஷன் எவ்வளவு, ஆறு நிமிஷம் நடந்தபிறகு எவ்வளவுன்னு எழுதுங்க, ஏற்கனவே 94-க்குக் கீழ இருந்தா நடக்க வைக்காம நேரா கூட்டிட்டுப் போங்க. மெடிக்கல் ஷாப்புல வாங்கி ஏற்கனவே முழுங்கின மாத்திரையோட அட்டையையும் எடுத்துக்கோங்க, அதுல ஸ்டீராய்டு இருக்கான்னு டாக்டர் மொதல்ல பாக்கட்டும்.